சத்தமா எண்ணுங்க

அவள்: …மல்லாக்கப் படுக்க வெச்சாச்சா சார்?

அவன்: அவர் விழுந்ததே மல்லாக்கத்தான் மேடம்.

அவள்: தலைக்கு அடியில தலையணை, துணி ஏதாவது இருந்தா உருவிடுங்க. கட்டாந்தரையில இருக்கணும்.

அவன்: தலையணை வைக்கிற அளவுக்கு எங்களுக்குள்ள பழக்கம் இல்ல.

அவள்: விளையாடாதீங்க சார். ஆம்புலன்ஸ் கிளம்பியாச்சு. அது வந்து சேர்ற வரைக்கும் அங்க நீங்கதான் டாக்டர், நீங்கதான் நர்ஸ். நான் லைனை விட்டுப் போக மாட்டேன், நீங்களும் போகக் கூடாது. நெஞ்சு ஏறி இறங்குதா?

அவன்: இல்ல.

அவள்: தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாருங்க.

அவன்: என்னன்னு?

அவள்: அப்பான்னு. அப்பான்னுதானே சொன்னீங்க?

அவன்: ஆமா… அப்பா. … ம்ஹூம். அசையலை.

அவள்: எப்படி விழுந்தார்?

அவன்: கீழ்நோக்கி.

அவள்: சார்!

அவன்: மாடிப்படி உச்சியில நின்னுட்டிருந்தார். உருண்டு வந்து தெருக்கதவுகிட்ட விழுந்தார். எங்க வீடு மாடியில. நான் இப்பக் கீழ, அவர் பக்கத்துல இருக்கேன். போதுமா?

அவள்: வீட்ல வேற யார் இருக்காங்க? கை மாத்தி அழுத்த இன்னொரு ஆள் இருந்தா நல்லது.

அவன்: யாரும் இல்ல. அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க.

அவள்: சரி. கதவைத் திறந்து வைங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்க.

அவன்: வெச்சாச்சு.

அவள்: ஏதோ இரைச்சலா இருக்கே… மழையா?

அவன்: குழாய். மேல, சமையலறையில ஓடுது.

அவள்: போய் மூடி… வேண்டாம், வேண்டாம். அவரை விட்டு நகராதீங்க. ஓடட்டும். இப்ப அவர் பக்கத்துல மண்டி போடுங்க. நெஞ்சுக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகத்தை வைங்க. அது மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. உடம்பு பாரம் முழுக்கக் கையில இறங்கணும். அழுத்தி விடுங்க, அழுத்தி விடுங்க… வேகமா. ஒவ்வொண்ணுக்கும் சத்தமா எண்ணுங்க.

அவன்: எண்ணியே ஆகணுமா?

அவள்: ஆமா.

அவன்: சத்தமாவா?

அவள்: சத்தமாத்தான். எனக்குக் கேட்கணும்.

அவன்: …வேடிக்கையா இருக்கு.

அவள்: எது வேடிக்கை?

அவன்: ஒண்ணுமில்ல. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு…

அவள்: இன்னும் வேகமா.

அவன்: ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு…

அவள்: அப்படித்தான். நிறுத்தாதீங்க.

அவன்: …முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது…

அவள்: சார். நிறுத்துங்க.

அவன்: நிறுத்தலாமா? போதுமா?

அவள்: நீங்க ஆரம்பிக்கவே இல்ல.

அவன்: …புரியலை மேடம்.

அவள்: இந்த நாற்காலியில உட்கார்ந்து வருஷக்கணக்கா கேட்டுட்டிருக்கேன். நெஞ்சை அழுத்துறவன் முப்பதைத் தொடுறதுக்குள்ள நாய் மாதிரி இரைப்பான். எண்ணிக்கை பாதி தொண்டையில சிக்கும். நீங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்க.

அவன்: உடம்பு திடகாத்திரம் மேடம். எனக்கெல்லாம் மூச்சு வாங்காது.

அவள்: சரி, அழுத்துங்க. பார்க்கலாம்.

அவன்: ஒண்ணு… ஹா… ரெண்டு… ஹா… மூணு…

அவள்: இது மேடை நாடகத்துக்குச் சரி. எங்க உட்கார்ந்திருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.

அவன்: …கடைசிப் படியில.

அவள்: கை எங்க இருக்கு?

அவன்: என் மடியில.

அவள்: அங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு சார்!

அவன்: அது அவரோட உயிர். அவருக்குத் தெரியாததா? நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க? உங்களுக்கு யார் அவர்?

அவள்: …எனக்கு யாரா இருந்தா என்ன. என் வேலை இது.

அவன்: என்னை எண்ணச் சொன்னீங்களே, அதைச் சொல்றேன் கேளுங்க. அவரும் எண்ணத்தான் சொல்வார். பெல்ட்டை உருவினா முதல் வார்த்தை அதுதான். "சத்தமா எண்ணுடா." குரல் நடுங்கிச்சுன்னா முதல்ல இருந்து. அதனால நான் நடுங்காம எண்ணக் கத்துக்கிட்டேன். ஸ்கூல்ல கணக்குல நான்தான் முதல் மார்க். மேடம்? லைன்ல இருக்கீங்களா?

அவள்: இருக்கேன்.

அவன்: அழுறீங்களா என்ன?

அவள்: ஜலதோஷம். சார், ஒண்ணு கேட்கிறேன். அவர் சாகட்டும்னு நினைச்சா எங்களை ஏன் கூப்பிட்டீங்க?

அவன்: கூப்பிடலைன்னா கேள்வி வரும்.

அவள்: கூப்பிட்டும் கேள்வி வரும். இந்தப் பேச்சு பூரா பதிவாகுது. நாளைக்கு யாராவது போட்டுக் கேட்டா, உங்க ஹா… ஹா… நாடகமும் கேட்கும். நெஞ்சுல கை வெச்ச தடம் இருக்கான்னு ஆஸ்பத்திரியில பார்ப்பாங்க.

அவன்: தடமா… எங்க வீட்ல அதுக்குப் பஞ்சமே இல்ல. ஆனா பாயின்ட்தான் மேடம். உங்களுக்கு வக்கீல் மூளை.

அவள்: அப்ப அழுத்துங்க.

அவன்: அழுத்தினாலும் எனக்கு மூச்சு வாங்காதுன்னு சொன்னேனே. எப்படி நம்புவீங்க?

அவள்: மூச்சு வாங்காது. மூக்கு சீழ்க்கை அடிக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவுல, மெல்லிசா. அதுதான் இவ்வளவு நேரம் கேட்கலை.

அவன்: …யாருக்கு அடிக்கும்?

அவள்: வலியை அடக்கிட்டு எண்ணுறவங்களுக்கு.

அவன்: …அப்படியா.

அவள்: அப்படித்தான். நேரம் போகுது… ப்ளீஸ். எனக்காக அழுத்துங்க சார்.

அவன்: …நெஞ்சுக்கு நடுவுலன்னு சொன்னீங்க இல்ல?

அவள்: நடுவுல. பாரம் முழுக்க இறங்கட்டும்.

அவன்: ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…

அவள்: கேட்குது. இப்பக் கேட்குது. விடாதீங்க.

அவன்: பத்து… பதினொண்ணு… மேடம், உள்ள ஏதோ… மளுக்குன்னுச்சு.

அவள்: விலா எலும்பா இருக்கும். பரவாயில்ல. அதைப் பார்க்காதீங்க.

அவன்: உடைச்சாலும்… தப்பில்லையா?

அவள்: இப்பத் தப்பில்ல.

அவன்: அடடா… இத்தனை வருஷம் கழிச்சு… அவரை அடிக்க எனக்கு… அரசாங்க அனுமதி…

அவள்: பேசாதீங்க. எண்ணுங்க.

அவன்: இருபது… இருபத்தொண்ணு… கை விட்டுப் போகுது…

அவள்: போகாது. சைரன் கேட்குதா?

அவன்: தெருமுனையில…

அவள்: அவங்க வந்து உங்க தோளைத் தொடுற வரைக்கும் நிறுத்தக் கூடாது. எண்ணுங்க… எண்ணுங்க…

வண்டிக்காரர்: நகருங்க சார், நகருங்க. நாங்க பார்த்துக்கிறோம். எவ்வளவு நேரமா அழுத்தறீங்க?

அவன்: அந்த மேடத்தைக் கேளுங்க… அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்.

வண்டிக்காரர்: ஷாக் கொடுக்கிறோம், யாரும் தொடாதீங்க… … ஒரு நிமிஷம். நாடி வருது. ஏய், நாடி வருதுப்பா! சார், உங்கப்பாவுக்கு நீங்கதான் மறு உயிர் கொடுத்திருக்கீங்க.

அவன்: அப்படியா… யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

வண்டிக்காரர்: கூட வர்றீங்களா? ஏறுங்க.

அவன்: நீங்க கிளம்புங்க. நான் பின்னாடியே வர்றேன்.

அவள்: …லைனை வைக்கிறேன் சார்.

அவன்: வைங்க மேடம்.

*

அவன்: யாரு?

அவள்: நான்தான். இது என் சொந்தப் போன். இதுல எதுவும் பதிவாகாது. பக்கத்து சீட்டுக்காரியைப் பார்த்துக்கச் சொல்லிட்டு ஆபீஸ் மொட்டை மாடிக்கு வந்துட்டேன்.

அவன்: என் நம்பரை இன்னும் வெச்சிருக்கியா பாப்பா?

அவள்: அழிக்கலை. கூப்பிடவும் இல்ல.

அவன்: நான் ஒரு கூமுட்டை. அட்ரஸே கேட்காம வண்டியை அனுப்பிட்டே. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்கணும்.

அவள்: நீ "ஹலோ" சொன்னதுமே எனக்குத் தெரியும் அண்ணா.

அவன்: சொந்தக்காரங்க போன் வந்தா நீங்களே பேசலாமா?

அவள்: கூடாது. ஹெட்போனைக் கழட்டிப் பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துடணும். அதுதான் சட்டம். அட்ரஸ் கேட்காததும் பதிவாயிருக்கு. கண்டுபிடிச்சா வேலை போயிடும்.

அவன்: அப்புறம் ஏன் கொடுக்கலை?

அவள்: பக்கத்து சீட்டுக்காரிக்கு உன் மூச்சு தெரியாது. அந்த வீட்ல நான் சாப்பாட்டு மேசைக்கு அடியில உட்கார்ந்து கேட்டது அது ஒண்ணுதான். நீ அழ மாட்டே. கத்த மாட்டே. எண்ணுவே. நடுநடுவே அந்த சீழ்க்கை மட்டும் வரும். இத்தனைக்கும் அடி ஆரம்பிச்ச உடனே அம்மா சமையலறையில குழாயை முழுசாத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாங்க. அந்த இரைச்சலையும் தாண்டிக் கேட்கும்.

அவன்: கழுவப் பாத்திரம் இல்லைன்னாலும் கழுவுவாங்க. கழுவினதையே கழுவுவாங்க.

அவள்: சிரிக்கிறியா?

அவன்: சிரிப்பா வருதான்னு பார்க்கிறேன். வரலை.

அவள்: அண்ணி என்கிட்டப் பேசினாங்க.

அவன்: எந்த அண்ணி? ஓ… அவளா. ஓடிப்போனவ.

அவள்: ஓடலை. தப்பிச்சுப் போனாங்க. கையில வெந்நீர் கொட்டித் துடிக்கிறப்ப நீ பக்கத்துல நின்னு பார்த்துட்டிருந்தியாமே?

அவன்: தோல் எப்படி நிறம் மாறுதுன்னு பார்த்தேன்.

அவள்: அண்ணா…

அவன்: கேட்டே, சொன்னேன். பொய் சொல்லணுமா? அவ ராத்திரியெல்லாம் அழுதா. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சேன்.

அவள்: அம்மா குழாயைத் திறந்த மாதிரி.

அவன்: …அட. இதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல.

அவள்: நீ வேலை பார்த்த அச்சகத்துல ஒரு ஆளோட விரல்… காகிதம் வெட்டுற மெஷின்ல மாட்டினப்ப நிறுத்துற பட்டன் உன் பக்கத்துலதான் இருந்துச்சாமே. அதுவும் நிஜமா?

அவன்: கைக்கு எட்டுற தூரம்தான்.

அவள்: ஏன் அமுக்கலை?

அவன்: அவன் கத்துறதைக் கேட்டுட்டிருந்தேன் பாப்பா. ரசிச்சேன்னு நினைக்காதே, அப்படி இல்ல. அவன் கத்தினது ஒரு மாதிரி இருந்துச்சு. கத்தினா யாராவது வருவாங்கன்னு அவனுக்கு ஒரு நம்பிக்கை. அது எனக்குப் புதுசு. அதையே பார்த்துட்டு நின்னுட்டேன்… அதுக்கப்புறம் அங்க என் பேரே சைக்கோ. இப்ப வேலையும் போச்சு. பாப்பா, உனக்கு மறுபடி ஜலதோஷமா?

அவள்: எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு மனநல டாக்டர் வந்தார். அடி வாங்கி வளர்ற பிள்ளைங்களைப் பத்திப் பேசினார். சில பிள்ளைங்க விளக்கை அணைக்கிற மாதிரி வலியை அணைச்சு அணைச்சுப் பழகிடுமாம். அப்புறம் அடுத்தவங்க வலியும் அதுங்களுக்கு எரியாதாம். அவர் பேசப் பேச நான் எழுந்து வெளியே போயிட்டேன்.

அவன்: கரெக்டாத்தான் சொல்லியிருக்கார். ஸ்விட்ச் எங்க இருக்குன்னு சொன்னாரா?

அவள்: இன்னொண்ணும் சொன்னார். அடி வாங்கின எல்லாரும் அப்படி ஆயிடறதில்லையாம். பெரும்பாலும் ஆகிறதில்லையாம். குறுக்க வந்து நிற்க ஒரே ஒருத்தர் இருந்தாக்கூட அந்தப் பிள்ளை தப்பிச்சுக்கலாமாம்.

அவன்: ஒருத்தர் போதுமா?

அவள்: போதுமாம்.

அவன்: நம்ம வீட்ல ரெண்டு பேர் இருந்தீங்க.

அவள்: …இருந்தோம்.

அவன்: சும்மா சொன்னேன், விடு. நீ மேசைக்கு அடியில நுழையிற வயசு. உன்னால என்ன பண்ணியிருக்க முடியும்?

அவள்: மேசையை விட்டு வெளியே வந்திருக்கலாம்.

அவன்: வந்திருந்தா உனக்கும் எண்ணத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான்.

அவள்: அண்ணா, நேராவே கேட்கிறேன். அப்பாவை நீதானே தள்ளினே?

அவன்: போலீஸ் கேட்டா ஆமான்னு சொல்வேன்.

அவள்: நான் கேட்கிறேன்.

அவன்: நான்தான்னு வெச்சுக்கோயேன். எல்லாருக்கும் சௌகரியம். கோர்ட்டுக்கும் கஷ்டம் இல்ல. அண்ணி வந்து சாட்சி சொல்வா, அந்த விரல் போனவன் வந்து சொல்வான். சைக்கோதான் பண்ணினான்னா யார் மறுக்கப் போறாங்க?

அவள்: மறைக்க முடியாதுண்ணா. அப்பா கண்ணைத் திறந்தா அவரே சொல்லிடுவார்.

அவன்: அதேதான். அதனாலதான் நான் கையை மடியில வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள்: மாட்டிக்குவோம்னு பயமா?

அவன்: எனக்கா? பயமா? நல்லா யோசிச்சுக் கேளு.

அவள்: பின்ன என்ன? அவர் மேல இருக்கிற வெறுப்பா?

அவன்: வெறுக்கிறதுக்கும் உள்ள ஏதாவது எரியணும் பாப்பா. அவர் செத்தா படியில தவறி விழுந்தார்னு முடிஞ்சிருக்கும். லைன்ல நீதான்னு தெரிஞ்சதும் கை தானா போயிடுச்சு. ஏன்னு எனக்கே தெரியலை. எனக்காக அழுத்துங்கன்னு நீ சொன்னே… என்கிட்ட யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்ல.

அவள்: நான் அப்பாவுக்காகக் கேட்கலை. நீ கொலைகாரனா ஆயிடக் கூடாதுன்னு கேட்டேன்.

அவன்: தெரியும். அதுதான் பாவமா இருக்கு.

அவள்: என்ன பாவம்? …நீ இன்னும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலையா?

அவன்: இல்ல. மாடியில இருக்கேன்.

அவள்: வண்டியிலேயே ஏறியிருக்கலாமே. போலீஸ் அங்கதான் முதல்ல வருவாங்க. நீ இல்லைன்னா சந்தேகம் வரும்.

அவன்: விட்டுட்டு வர முடியாது.

அவள்: எதை?

அவன்: …

அவள்: இப்ப அந்தக் குழாய் ரொம்பக் கிட்டக் கேட்குது. இன்னுமா ஓடுது? அதையாவது மூடித் தொலையேன்.

அவன்: நானும் மூடி மூடிப் பார்த்துட்டேன். மறுபடி திறந்துவிடுறாங்க.

அவள்: திறந்துவிடுறாங்களா? …யாரு? அண்ணா… அம்மா சித்தி வீட்லன்னு சொன்னியே?

அவன்: அவர் பெல்ட்டை உருவினார் பாப்பா. இந்த வயசுல, மாடிப்படி உச்சியில நின்னுட்டு. வேலை போனவனுக்கு வீட்ல என்னடா சோறுன்னார். நான் எப்பவும் போல நின்னு எண்ண ஆரம்பிச்சேன். ரெண்டுன்னு சொல்றதுக்குள்ள குழாய்ச் சத்தம் நின்னுச்சு. நம்ம வீட்ல அடிக்கு நடுவுல அது நின்னதே இல்லையே, அதனால அவரே பெல்ட்டை ஓங்கினபடி திரும்பிப் பார்த்தார். அம்மா ஈரக் கையோட வெளியே வந்து குறுக்க நின்னாங்க. அவரை ஒரே தள்ளு. அப்புறம் உள்ள போய் மறுபடி குழாயைத் திறந்துட்டாங்க… இன்னும் அதே தட்டைத்தான் கழுவிட்டிருக்காங்க.